சீப்பா, மெஷினா?

எங்கள் வீட்டு லாசா ஆப்சோ கலப்பு நாய்க்குப் பத்து மாதம். குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் வயது. புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரமும் சேர, காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவில் சிக்கு. சீப்பால் பிரிப்பதா, மெஷினால் மழிப்பதா?

செலவு: ஸ்டீல் சீப்பு, சிக்கில் தூவக் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் மாவு. மொட்டை என்றால் கடைக்கூலி.

நேரம்: சீப்புக்கு ஒரு வாரம், தினம் பத்து நிமிடம். மெஷினுக்கு ஒரே மதியம்.

வலி: விஷயமே இங்கேதான். முடியின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவினால் தோல் இழுபடாது. குளிப்பாட்டிவிட்டுச் சீவாதீர்கள், நனைந்த சிக்கு இன்னும் இறுகும் (பட்டுத் தெரிந்துகொண்டேன்). கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம், தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

சிக்குக்குள் சீப்பின் பல் நுழைகிறதா, சீப்பு போதும். கம்பளிபோல் தோலோடு ஒட்டிவிட்டால் மெஷின்தான்; அப்புறம் சில வாரம் உச்சிவெயிலில் பீச்சுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.