சத்தத்தை நிறுத்தியபின் பிடித்துப்போன வீடியோக்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில், தமிழ்வழிப் பிரிவின் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக யூடியூபும் வாட்ஸ்அப்பும் என் வகுப்பில் புழங்குகின்றன. மிக்ஸி வாங்கியவர்கள் அதைப் பற்றி எழுதுகிறார்கள். நான் இவற்றைப் பற்றி எழுதுகிறேன். காசு கொடுக்கவில்லையே தவிர, இவற்றுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சமல்ல.

முதலில் எங்கள் அறையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுக் கூரை. திரைக்குப் பதிலாக ஒரு வெள்ளை வேட்டி. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் ஜன்னலைச் சாத்தினாலும் வேட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். மனித இதயத்தின் படத்தைக் காட்டிய அன்று, அது வேட்டியோடு சேர்ந்து துடித்தது. படம் அசையாப் படம்தான். பிள்ளைகள் நம்பவில்லை.

தமிழில் பாட வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தப் பக்கத்துப் பாடநூலுக்கானவை, எங்கள் பிள்ளைகள் எழுதுவது கேரளத் தேர்வு. கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸ் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற ஒளிபரப்பு வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடங்கள் வந்தன. அவை எங்கள் புத்தகத்துக்கே ஆனவை என்பதால் இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக எடுத்த பாடத்தை வகுப்பில் ஓட்டினால், சுவரில் ஓர் ஆசிரியர் பேசுவார், கீழே நான் காவலுக்கு நிற்பேன். முதல் மூன்று மாதம் அப்படித்தான் நின்றேன்.

ஒரு நாள் ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது அவரை விதை முளைக்கும் வீடியோ. பல நாள் வளர்ச்சியை இரண்டு நிமிடத்தில் சுருக்கியது. விதை உப்புகிறது, தோல் வெடிக்கிறது, வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்து, கொஞ்சம் தயங்கியதுபோல நின்று, கீழ்நோக்கி வளைகிறது. சத்தம் இல்லாததால் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சர், எங்கள் காட்டில் கடலைக்காயைத் தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கிறதே, அந்த வேரும் இப்படித்தான் திரும்புமா?" வீடியோவை நிறுத்தினேன். வேர் புவியீர்ப்பை உணர்ந்து திரும்புகிறது என்பதற்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து ஒயரை நானே கழற்றிவிடுகிறேன். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி யூடியூபில் இருக்கிறது. அதைப் பலர் தொடுவதே இல்லை. நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்.

ஒருமுறை வழுக்கி விழுந்ததையும் சொல்ல வேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பு, ஏதோ ஒரு தளம், நுரையீரல் பற்றியது. முன்கூட்டிப் பார்க்காமல் வகுப்பிலேயே திறந்தேன். மூச்சுக்குழல் பிரிகிற இடத்தில் சீட்டாட்ட விளம்பரம் வந்து குதித்தது. ஒரு பையனுக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததுதான் எனக்குக் கூடுதல் அதிர்ச்சி. சோம்பல் என்னுடையது. இப்போதெல்லாம் கடைசி நொடிவரை வீட்டில் பார்க்காத எதுவும் வேட்டியில் ஏறுவதில்லை.

யூடியூபுக்கு ஐந்தில் மூன்று மார்க் போடுவேன். நாலரை மார்க் ஃபெட்டுக்கு (PhET). அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. வீடியோ அல்ல, கணினித் திரையில் நாமே மாற்றிப் பார்க்கும் சோதனைகள். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். மின்சுற்றுச் சோதனையில் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். அதைக் கண்டபின் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கொளுத்தினார்கள். நாற்பது பேட்டரியாவது எரிந்திருக்கும். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு வீடியோவிடம் பதில் கிடையாது, இதனிடம் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழு பெற்றோருக்கு மட்டும்தான். பதின்மூன்று வயது ஆகாதவர்களை அதில் சேர்ப்பதில்லை. எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு. பல வீடுகளில் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அப்பா படித்தது மலையாளம். பாட்டிக்கு இரண்டும் கிடையாது. எந்த எழுத்தில் அனுப்பினாலும் யாராவது ஒருவர் விடுபடுவார். அதனால் எழுதுவதை விட்டுவிட்டுக் குரலில் அனுப்புகிறேன், ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல். போன் வீட்டுக்கு வருவதே வேலை முடிந்து மாலையில்தான் என்பதால் ஏழு மணிக்கு அனுப்புவேன். காலை வணக்கப் பூங்கொத்துகளைத் தடுக்க, அட்மின் மட்டும் பதிவிடும்படி வைத்திருக்கிறேன்.

அதனால் பதில்கள் என் எண்ணுக்குத் தனியாக வரும். 'உங்கள் வீட்டில் விதையை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள்' என்று அனுப்பிய இரவு ஒரு பாட்டி பேசியிருந்தார். துவரையைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்து, பானையில் போட்டு, மேலே சாம்பலும் வேப்பிலையும் இட்டு வாய்கட்டுவதை, நடுநடுவே கோழியை விரட்டிக்கொண்டே, நான்கு நிமிடம் விவரித்தார். கடைசியில், "டீச்சரம்மா, இதை எப்படி அணைப்பது?" என்றும் கேட்டிருந்தார்.

மறுநாள் ஒயரைத் திரும்ப மாட்டி வகுப்பில் போட்டேன். கோழி வந்த இடத்தில் வகுப்பே சிரித்தது. பேரன் மேசைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். இன்னொரு முறை போடச் சொன்னார்கள். போட்டேன்.