விற்றுப் பிரிப்பதா, ஒருவரே வைத்துக்கொள்வதா?

விவாகரத்துக்குப் பிறகு என் தங்கைக்கு மிஞ்சிய பெரிய கேள்வி, பெங்களூரு அல்சூரில் இருவர் பெயரிலும் இருந்த ஃபிளாட்தான்.

விற்பது நேரான வழி. கடனை அடைத்து, மீதியைப் பங்கின்படி பிரித்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் லாபத்துக்குப் பொதுவாக 12.5 சதவீத வரி. வேறு வீடு வாங்கினால் விலக்குக் கேட்கலாம்.

ஒருவரே வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். மற்றவர் பங்குக்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும், மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவான காத்தாவையும் மாற்ற வேண்டும். பத்திரம் முடிந்தாலும் வங்கிக் கடனிலிருந்து பெயர் தானாக நீங்காது. வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை, தவணை தவறினால் வீட்டை விட்டுப் போனவரையும் கேட்பார்கள். ஒற்றைச் சம்பளத்துக்கு அந்தக் கடனைத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.

இருவரும் ஒத்துவராவிட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றமே வீட்டை விற்க உத்தரவிடலாம்.

தங்கைக்கு வைத்துக்கொள்ளத்தான் ஆசை. சமையலறை நிலைக்கதவில் மகனின் உயரம் பென்சில் கோடுகளாக ஏறியிருந்தது. ஆனால் தவணை போக மிஞ்சுவது பள்ளிக் கட்டணத்துக்கே பத்தாது. விற்றுவிடு என்றேன். சரி என்றாள். அந்தக் கோடுகளை நீளக் காகிதத்தில் படியெடுத்துக்கொண்டு கிளம்பினோம்.