பழைய ஜீப்புக்குப் பவர் ஸ்டீயரிங்: நான்கு வருட அனுபவம்

என் மகிந்திரா எம்எம்540-க்குப் பவர் ஸ்டீயரிங் மாட்டி நான்கு வருடம் ஆகிறது. வேலூரில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "போடலாமா, வேண்டாமா?" என்றுதான். ஜவ்வாது மலை ஏறுகிறவர் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

6.00-16 என்ற ஒல்லி டயர் இருந்தவரை எனக்கு அது தேவைப்படவே இல்லை. 235/75 ஆர்15 என்ற அகலமான ரேடியல் டயருக்கு மாறியதும் கைவலி ஆரம்பித்தது. பாலாற்று மணலுக்காகக் காற்றைக் குறைத்தால் நின்ற இடத்தில் சக்கரம் திரும்பாது. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை ஏறும்போது ஒருநாள் முன்சக்கரம் கல்லில் மோதி, ஸ்டீயரிங் வெடுக்கென்று திருப்பி அடித்தது. கட்டைவிரல் பத்து நாள் வீங்கிக் கிடந்தது.

சத்துவாச்சாரியில் ஜீப் வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். "மொதல்ல கிங் பின் பேரிங்கைப் பாரு தம்பி, அப்புறம் பவரைப் பத்திப் பேசலாம்" என்றார். முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சுதான் கிங் பின். பிரித்தால் அதன் பேரிங் முழுக்கத் துரு. அதையும், முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் மூட்டுகளான டை ராடு எண்டுகளையும் மாற்றியதிலேயே பாதி பாரம் குறைந்துவிட்டது. இதைச் செய்யாமல் பவர் போட்டால் தேய்மானம் கைக்குத் தெரியாமலே போய்விடும்.

பவர் ஸ்டீயரிங்கில் எலக்ட்ரிக் வகையை மாட்டுவது சுலபம். ஆனால் அது கரண்டை நிறைய இழுக்கும், வண்டிக்குக் கரண்டு தரும் என் ஆல்டர்னேட்டர் தாங்காது. மோட்டார் மேலே ஸ்டீயரிங் தண்டில் இருப்பதால் அதன் விசை முழுவதையும், தண்டுக்குக் கீழே இருக்கும் பழைய ஸ்டீயரிங் பாக்ஸே (பல்சக்கரப் பெட்டி) வாங்க வேண்டும். அதனால் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பொலேரோவின் ஹைட்ராலிக் பாக்ஸும் பம்பும் போட்டேன்.

முதலில் வேலை செய்த பட்டறையில் பாக்ஸைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) வெளிப்பக்கம் மட்டும் பற்றவைத்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்து அமிர்தி அருகே திருப்பும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். கீழே படுத்து, நண்பரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். வெல்டிங் ஓரமாக மயிரிழை மாதிரி ஒரு விரிசல், வாய் மாதிரி திறந்து மூடியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. வீடு வரை இருபதைத் தாண்டாமல் ஓட்டி வந்தேன். பெரியவர்தான் அதைப் பிரித்து, போல்ட்டு போகும் இடத்தில் சேஸிஸுக்குள் குழாய் செருகி, இரண்டு பக்கமும் தகடு வைத்துக் கட்டிக் கொடுத்தார். பவர் வந்தபின் பாக்ஸ் சேஸிஸைத் தள்ளும் விசை கூடும். பட்டறையில் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதன்பிறகு தொந்தரவு இல்லை. வேலூர் வெயிலில் ஆயில் சீக்கிரம் சூடேறும், அதனால் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்பதில்லை. கருகிய வாசனை வந்தால் ஆயிலை மாற்றிவிடுவேன். மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற பழக்கம் இருந்தால் அடியோடு விட்டுவிடுங்கள். பம்பு நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

மொத்தம் எனக்கு 34,000 ரூபாய் ஆனது. ஒல்லி டயரில், தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர் அந்தக் காசைக் கிங் பின்னுக்கும் பிரேக்குக்கும் போடுங்கள்.