வேலூர் டி.டி.பி. கடைகளில் கணக்கு வேலைக்கு ரெஸ்யூம்: கடையில் வாங்க வேண்டியது எது, வீட்டிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டியது எது

வேலூரில் ரெஸ்யூம் என்றால் பலருக்கு இன்னும் டி.டி.பி. கடைதான். தோட்டப்பாளையம், ஆபீசர்ஸ் லைன், சத்துவாச்சாரி, காட்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். "அண்ணா, ஒரு பயோடேட்டா அடிக்கணும்" என்றால், "பேர் சொல்லுப்பா, என்ன படிச்சிருக்க?" என்று ஆரம்பித்து, ஜெராக்ஸ் கூட்டத்துக்கு நடுவிலேயே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அக்கவுண்ட்ஸ், வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பார்ப்போம். தனியாக ஒரு கடையைச் சொல்லவில்லை. பெரும்பாலும் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான்.

டைப்பிங்குக்கும் பிரிண்டுக்கும் தாராளமாகப் போகலாம். என்ன எழுதுவது என்பதை மட்டும் கடையில் விடாதீர்கள்.

முதலில் அவர்கள் நன்றாகச் செய்யும் வேலை. ஐ.பி.பி.எஸ். (பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு அமைப்பு) நடத்தும் எழுத்தர், பி.ஓ. (அதிகாரி) தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட இந்தக் கடைகள்தான் சரியான இடம். போட்டோ 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி., கையால் எழுதிய உறுதிமொழி 50 முதல் 100 கே.பி. என்ற அளவுகள் அங்கே கம்ப்யூட்டரில் உட்காருபவருக்கு மனப்பாடம். கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் ஏற்க மாட்டார்கள், உறுதிமொழியை விண்ணப்பதாரரே தன் கையால் எழுத வேண்டும் என்பதை அவர்களே எடுத்துச் சொல்வார்கள். ஆனால் இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூம் யாரும் கேட்பதில்லை. "பேங்க் ரெஸ்யூம்" என்று சேர்த்து அடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தனியார் வங்கி, என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனம்), மைக்ரோஃபைனான்ஸ், ஆடிட்டர் ஆபீஸ், கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆகியவற்றுக்குத்தான் ரெஸ்யூம் வேலை செய்யும்.

கோளாறு பழைய ஃபைலில் தொடங்குகிறது. அவசரத்தில் புதிதாக எதையும் திறப்பதில்லை. முன்பு வந்த யாரோ ஒருவருடைய ரெஸ்யூமைத் திறந்து, பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமிக்கிறார்கள். அதனால் அந்த ஆளுடைய பொழுதுபோக்கு, "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்" என்ற பலங்கள், "சவாலான பணியை நாடுகிறேன்" என்ற நோக்கம், கடைசியில் உறுதிமொழி எல்லாம் அப்படியே உங்களோடு வந்துவிடும். பக்கத்தில் தெரிவதையாவது திருத்திக்கொள்ளலாம். வேர்டு ஃபைலின் டைட்டில், ஆத்தர் கட்டங்களில் பழைய ஆளின் பெயர் தங்கியிருந்தால் அது பி.டி.எஃப்.-க்கும் போகும். டைட்டிலில் அந்தப் பெயர் இருந்தால், எச்.ஆர். பிரவுசரில் திறக்கும்போது மேலே உள்ள டேப்-இல் வேறொருவர் பெயர் தெரியும். கணக்குப் புத்தகத்தை நம்பி ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு இது மோசமான முதல் அறிமுகம். வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போனால் வலப்பக்கம் இரண்டு கட்டமும் இருக்கும். மாற்றச் சொன்னால் ஒரு நிமிட வேலை.

முகவரியையும் பாருங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பழைய ஃபைலில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கும். இப்போது அவை திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆதாரில் ஒன்று, ரெஸ்யூமில் ஒன்று என்று இருந்தால் சரிபார்ப்பின்போது தேவையில்லாத கேள்வி வரும்.

அடுத்தது டிசைன். "மாடர்ன் டிசைன்" என்று இடப்பக்கம் கலர் பட்டை, போட்டோ, போன் படம், "டேலி 90%, எக்செல் 80%" என்று நிரப்பிய கோடுகள் போட்டுத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கணக்கு வேலைக்கு இது வேண்டாம். வேலைவாய்ப்பு இணையதளங்களும் பெரிய கம்பெனிகளும் ரெஸ்யூமை முதலில் மென்பொருளில் போட்டு எழுத்தைப் பிரித்தெடுக்கின்றன. பக்கத்தை இடம் வலமாகப் பிரிக்கும் இரண்டு பத்தி அமைப்பை அது குறுக்காக வாசித்தால் உங்கள் படிப்பும் கம்பெனிப் பெயரும் ஒரே வரியில் கலந்துவிடும். டெக்ஸ்ட் பாக்ஸிலும் ஹெடரிலும் இருக்கும் போன் நம்பர் சில மென்பொருளில் விட்டே போகும். "90%" என்பது எதில் 90 என்று ஒரு ஆடிட்டர் கேட்டால் பதில் கிடையாது.

கடையிலேயே சோதித்துவிடலாம். பி.டி.எஃப்.-ஐத் திறந்து கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி அழுத்தி, நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழ் வரிசை மாறாமல் வந்தால் சரி. குழம்பி வந்தால் ஒரே பத்தியாக மாற்றச் சொல்லுங்கள். எதுவுமே வரவில்லை என்றால், பிரிண்ட் எடுத்த தாளை ஸ்கேன் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், அது வெறும் படம். வேர்டிலிருந்து நேராக பி.டி.எஃப்.-ஆகச் சேமித்துத் தரச் சொல்ல வேண்டும்.

அளவுகளையும் சொல்லிவிடுங்கள். தாள் ஏ4. இணையத்திலிருந்து இறக்கிய டெம்ப்ளேட் பலவும் அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும், ஏ4-ல் அடிக்கும்போது ஓரம் நகர்ந்து கடைசி இரண்டு வரி அடுத்த பக்கம் போய்விடும். ஓரம் முக்கால் அங்குலம், எழுத்து 10.5 அல்லது 11, கலிப்ரியோ ஏரியலோ போதும். ஐந்து வருட அனுபவம் வரை ஒரே பக்கம்.

இனி உள்ளடக்கம். இங்கேதான் ஒரு ரெஸ்யூம் மற்ற நூறிலிருந்து தனியாகத் தெரியும். கணக்கு வேலைக்குப் போகும் ரெஸ்யூமில் கணக்கு இருக்க வேண்டும். டி.டி.பி. கடைக்காரருக்கு உங்கள் வேலை தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர் என்று வையுங்கள். கடையில் அடிப்பது: "அக்கவுண்ட்ஸ், ஜி.எஸ்.டி. வேலைகளைக் கவனித்தேன்." அதே ஆள் எழுத வேண்டியது இப்படி: "மாதம் சுமார் 400 கொள்முதல் பில்களை டேலி பிரைமில் பதிந்தேன். 14-ஆம் தேதி வரும் 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை சப்ளையர்வாரியாகப் பட்டியலிட்டு, 20-ஆம் தேதி 3பி தாக்கலுக்கு முன் சரிசெய்தேன்." 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல், 3பி என்பது மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். 400 என்பது இங்கே உதாரணம்தான். உங்கள் எண்ணை எடுக்க டேலியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால் வவுச்சர் வகைவாரியாக எண்ணிக்கை வந்துவிடும். இந்த இரண்டு வரியைப் படிக்கிற ஃபைனான்ஸ் மேனேஜருக்கு நீங்கள் மாதத்தின் ஓட்டம் தெரிந்தவர் என்று புரியும்: 7-ல் டி.டி.எஸ். (பிடித்த வரியைக் கட்டுவது), 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 15-ல் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ல் 3பி.

ரெஸ்யூமின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வவுச்சர், அதாவது ஆதாரம், இருக்கட்டும். பதிந்தது, தயாரித்தது, தாக்கல் செய்தது மூன்றும் வேறு வேறு வேலை. டேட்டா என்ட்ரி மட்டும் செய்துவிட்டு "ஜி.எஸ்.டி. ஃபைலிங்" என்று போட்டால், இன்டர்வியூவில் "3பி-யில் நாலாவது டேபிளில் என்ன வரும்?" என்ற ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். அங்கே வருவது உள்ளீட்டு வரி வரவு. இதைச் சொல்ல வராத ஆள் செய்த மற்ற நல்ல வேலையும் அந்த இடத்தில் எடுபடாது.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு அனுப்பும் ரெஸ்யூமில் ஏற்றுமதிச் சொற்கள் முன்னால் வரட்டும்: ஷிப்பிங் பில்லோடு இன்வாய்ஸை ஒப்பிட்டது, எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக் கடிதம்) போட்டு அனுப்பியதா ஐ.ஜி.எஸ்.டி. கட்டி ரீஃபண்ட் வாங்கியதா, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) வந்ததைச் சரிபார்த்தது, இ.பி.ஆர்.சி. (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான மின்சான்று) எடுத்தது, பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) கணக்கு. ஜாப்வொர்க்குக்குத் தோல் வெளியே போய் வரும் சலான்களைப் பார்த்திருந்தால் அதற்குத் தனி வரி கொடுங்கள். இங்கே அது தினசரி வேலை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் நுண், சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் போக வேண்டும் என்ற விதி வந்த பிறகு, கிரெடிட்டர் ஏஜிங் ரிப்போர்ட் (யாருக்கு எத்தனை நாளாகப் பணம் பாக்கி என்ற பட்டியல்) எடுக்கத் தெரிந்தவருக்கும் மதிப்பு கூடியிருக்கிறது.

மைக்ரோஃபைனான்ஸ் கள வேலை முற்றிலும் வேறு. அங்கே டூவீலர் லைசென்ஸ் மேல் பாதியில் இருக்க வேண்டும், கடையில் அதைக் கடைசி வரியில் போடுகிறார்கள். எத்தனை சென்டர் (கடன் குழுக்கள் கூடும் இடம்), எத்தனை உறுப்பினர், வசூல் எத்தனை சதவீதம், 30 நாளுக்கு மேல் நிலுவை எவ்வளவு, இந்த நாலு எண் போதும். வசூல் சதவீதத்தைக் கூட்டிப் போடாதீர்கள். அந்த ஏரியாவை வைத்திருக்கும் மேனேஜருக்கு உண்மை நிலவரம் தெரியும்.

மொழி வரியை இந்த ஊரில் யாரும் கடைசியில் தள்ளக் கூடாது. சித்தூர் எல்லை பக்கத்தில் இருப்பதால் தெலுங்கு, ஆம்பூர் பக்கம் உருது இரண்டும் வேலையில் உதவும். சி.எம்.சி.-க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும் நகரத்தில், மருத்துவமனை பில்லிங்குக்கு விண்ணப்பிப்பவருக்கு இந்தியோ வங்காளியோ பேசத் தெரிந்தால் அது பெரிய தகுதி. பேச, படிக்க, எழுத என்று பிரித்துப் போடுங்கள்.

புதிதாக பி.காம். முடித்தவர் எண்ணுக்கு எங்கே போவது? கற்பனைக் கம்பெனி ஒன்றை டேலியில் உருவாக்கி ஒரு வருட வரவு செலவைப் பதிந்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டு, டிரையல் பேலன்ஸ் வரை கொண்டுபோய், "பயிற்சிக்காக" என்று தெளிவாக எழுதினால் அது நேர்மையான வரி. "எம்.எஸ். ஆபீஸ்" என்பதற்குப் பதில் பிவட் டேபிள், சம்இஃப்ஸ், எக்ஸ்லுக்அப் என்று தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம், மார்க் ஷீட் எப்படியும் கேட்பார்கள். "சவாலான பணி" என்ற நோக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படிப்பு, டேலி, எந்த வேலைக்கு என்று மூன்று வரி போடுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர்கள் கிளையன்ட் பெயரையும் டர்ன்ஓவரையும் எழுதக் கூடாது. "தோல் ஏற்றுமதி, அரிசி மண்டி, நகைக்கடை" என்று தொழிலைச் சொன்னால் போதும். ரகசியம் காக்கத் தெரிந்தவர் என்பதும் அதிலேயே தெரியும். வேலை பார்த்த தேதிகள் ரிலீவிங் லெட்டரோடும் பி.எஃப். சர்வீஸ் விவரத்தோடும் மாதம் வரை ஒத்துப்போக வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் இதைச் சரிபார்க்கின்றன. ஆதார், பான், பாஸ்போர்ட் எண், ஜாதி, மதம் எதுவும் வேண்டாம். கடைக்காரர் "போட்டுடலாமா?" என்று கேட்பார், மறுத்துவிடுங்கள்.

பிரிண்டுக்கு 100 ஜி.எஸ்.எம். பாண்ட் பேப்பர் நேரில் கொடுக்க நன்றாக இருக்கும், ஐந்து பிரதிக்கு மேல் தேவையில்லை. லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் வேண்டாம், அவர்கள் அதில் குறிப்பு எழுதவும் ஃபைலில் கோக்கவும் முடியாது. வேர்டு ஃபைல், பி.டி.எஃப். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். "ஃபைனல் நியூ 2" என்று இல்லாமல் உங்கள் பெயரும் வேலையும் ஃபைல் பெயராக இருக்கட்டும்.

கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கிளம்பும் முன் உங்கள் போனில் லிங்க்டு டிவைசஸ் போய் அதை லாக்அவுட் செய்யுங்கள். பிறகு டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் இருக்கும் உங்கள் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளை வருகிறவருக்குத் திறக்கப்படும் பழைய ஃபைல் உங்களுடையதாக இருக்கும்.