கட்டுரைக்குக் கூலியா, சொந்தத் தளமா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டே எழுதிச் சம்பாதிக்க விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: பிறருக்கு எழுதிக் கொடுப்பதா, சொந்த இணையத்தளம் தொடங்குவதா?

எழுதிக் கொடுத்தால் பேசிய காசு கைக்கு வரும். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைக் கூலி போல, வேலை செய்த நாளுக்கு மட்டும். உரிமையும் பெரும்பாலும் வாங்கியவருக்கே போய்விடும்.

சொந்தத் தளம் தென்னம்பிள்ளை வைப்பது போன்றது. தளத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் விளம்பரம் தருகிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய எண் தபாலில் வரும். உங்கள் உப தபாலகத்தின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். "கோயிலடி" என்று மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேராது. 100 டொலர் ஆகும்வரை ஒரு சதமும் எடுக்க முடியாது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான், எனக்கு அது மிகுந்த கவலை.

ஏனென்றால் நம்மிடம் சரக்கு இருக்கிறது. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவை ஊறவைத்துப் பிழிந்து கசப்பெடுப்பது எப்படி, கூழில் மீனை எப்போது போடுவது என்று பக்குவமாக எழுதினால் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் பல வருடம் தேடி வந்து படிப்பார்கள். அந்நாட்டு வாசகர்களுக்குக் காட்டும் விளம்பரத்துக்குப் பொதுவாகப் பணமும் அதிகம். உர விலை பற்றிய கட்டுரையோ அடுத்த போகத்துக்குள் பழசாகிவிடும்.

அடுப்பெரிய இன்றே காசு வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள். வயலோ வேறு வருமானமோ இருந்தால், தளத்தையே தொடங்கச் சொல்வேன்.