எக்லிப்ஸ் திறக்க மறுத்தால்: பினாங்கிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஜாவா நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் என்ற கருவி திறக்கவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். இந்த அறிவுரையை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். கெப்ளர் பதிப்பு வந்த 2013ஆம் ஆண்டு முதல் இதே கருவியில்தான் ஜாவா எழுதி வருகிறேன். பாயான் லெப்பாஸில் என் அலுவலக வேலையும் இதில்தான் நடக்கிறது. வார இறுதியில் பட்டர்வொர்த்தில் நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பதும் இதில்தான். இத்தனை காலத்தில் என் கைக்கு வந்த, திறக்க மறுத்த எக்லிப்ஸ்கள் அநேகமாக எல்லாமே, மறுத்ததற்கான காரணத்தை எங்கேயோ எழுதிவைத்திருந்தன. அதைப் போய்ப் படிக்கத்தான் ஆள் இல்லை.

மறுநிறுவல் ஏன் பெரும்பாலும் வீண் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எக்லிப்ஸ் நிரல் ஒரு கோப்புறையில் இருக்கிறது. நம் திட்டங்களும் அமைப்புகளும் பணியிடம் என்ற வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. பணியிடத்துக்குள் மெட்டாடேட்டா என்று புள்ளியில் தொடங்கும் ஓர் உட்கோப்புறை உண்டு. பழுது அங்கே இருந்தால், நிரலை எத்தனை முறை மாற்றினாலும் அதே பணியிடத்தைத் திறந்ததும் அதே இடத்தில்தான் நிற்கும். முந்நூறு மெகாபைட்டுக்கு மேல் கைப்பேசி இணையத்தில் இறக்கியதுதான் மிச்சம்.

ஆகவே எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். எக்லிப்ஸ் என்று நாம் இருமுறை சொடுக்குவது ஒரு சிறிய தொடக்கி மட்டுமே. அது கணினியில் இருக்கும் ஜாவாவை, அதாவது ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளை, தேடிப் பிடிக்கிறது. அந்த ஜாவா, எக்லிப்ஸின் துணை நிரல்களான செருகுநிரல்களை ஏற்றுகிறது. அதன் பிறகுதான் பணியிடம் திறக்கிறது. முகப்புப் படம்கூட வராமல் பிழைப்பெட்டி வந்தால், தொடக்கிக்கும் ஜாவாவுக்கும் இடையில்தான் சிக்கல். 'ஜாவா தொடங்கியது, ஆனால் 13 என்ற குறியீட்டோடு திரும்பியது' என்ற செய்தியைப் பழைய கணினிகளில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் 64 பிட் எக்லிப்ஸுக்கு 32 பிட் ஜாவா அகப்பட்டிருக்கும். ஜாவாவின் வயதும் முக்கியம்: 2020 செப்டம்பர் பதிப்பு முதல் எக்லிப்ஸ் இயங்கவே ஜாவா 11 வேண்டும், 2022 செப்டம்பர் பதிப்பு முதல் ஜாவா 17 வேண்டும், 2024 செப்டம்பர் பதிப்பு முதல் ஜாவா 21 வேண்டும். வேறு மென்பொருளுக்காக யாரோ ஜாவா 8ஐ முன்னுக்குக் கொண்டுவந்திருந்தால், நேற்று வரை ஓடியது இன்று நின்றுவிடும்.

எந்த ஜாவா என்பதை, தொடக்க அமைப்புகள் இருக்கும் எக்லிப்ஸ்.ஐஎன்ஐ கோப்பில் நாமே சொல்லிவிடலாம். இங்கே கவனம் தேவை. '-விஎம்' ஒரு வரியிலும் ஜாவாவின் பாதை அதற்கு அடுத்த வரியிலும் இருக்க வேண்டும். இரண்டும் '-விஎம்ஆர்க்ஸ்' வரிக்கு மேலே வர வேண்டும். அந்த வரிக்குக் கீழே இருப்பதெல்லாம் நேராக ஜாவாவுக்குப் போய்விடும், தொடக்கி அதைப் பார்ப்பதில்லை. பழைய கோப்பிலிருந்து வரிகளை வெட்டி ஒட்டுவதும் ஆபத்து. மேக்ஸ்பெர்ம்சைஸ் என்ற பழைய நினைவக அமைப்பை ஜாவா 8 ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜாவா 17 அதைக் கண்டதும் தொடங்கவே மறுத்துவிடும். அலுவலகத்தில் ஒரு குழு முழுவதும் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொண்டு, ஒரே நாளில் எல்லாருக்கும் எக்லிப்ஸ் நின்றுபோனது இந்த ஒரு வரியால்தான்.

முகப்புப் படம் வந்து பட்டை பாதியில் உறைந்தால் கதை வேறு. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போவது எங்கள் பக்கம் புதிதல்ல. மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினி அப்போது எழுதிக்கொண்டிருந்ததை அரைகுறையாக விட்டு அணைந்துவிடும். என்னிடம் படிக்கும் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி அப்படியொரு கணினியை எடுத்துவந்து, "சார், அப்பாவிடம் புதிதாக வாங்கித் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த தயக்கம் என்னை உலுக்கியது. அந்த வீட்டில் ஒரு மடிக்கணினி என்பது எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். மெட்டாடேட்டாவுக்குள் பிழைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தை அவளையே படிக்கச் சொன்னேன். சாளர அமைப்பைச் சேமிக்கும் வொர்க்பெஞ்ச்.எக்ஸ்எம்ஐ கோப்பு சிதைந்திருந்தது. '-கிளியர்பெர்சிஸ்டட்ஸ்டேட்' என்ற தேர்வைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்து ஒருமுறை தொடங்கினோம். சாளரங்களின் ஒழுங்கு மட்டும் ஆரம்ப நிலைக்குப் போனது. அவள் எழுதிய நிரல் ஒரு வரி குறையாமல் இருந்தது.

பணியிடம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி வந்தால் ஒரே பணியிடத்தை இருமுறை திறக்கவிடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை உடனே அழிக்காதீர்கள். பணி மேலாளரில் ஜாவா இன்னும் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள்; அதை நிறுத்தினாலே பூட்டு விலகிவிடும். செருகுநிரல் ஒன்றைச் சேர்த்த பிறகு நின்றதென்றால் செருகுநிரல்களின் தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கும் '-கிளீன்' தேர்வு உதவலாம், மற்றச் சமயங்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பணியிடத்தை எட்டுவதற்கு முன்பே விழுந்துவிட்டால், பதிவுக் கோப்பு நிரல் கோப்புறையின் கான்ஃபிகரேஷன் என்ற உட்கோப்புறையில் இருக்கும்.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2020 செப்டம்பருக்குப் பிறகு தரவிறக்கத் தொகுப்புகளோடு ஜாவாவும் சேர்ந்தே வருகிறது. எடை குறைந்த எடிட்டர்கள் வந்துவிட்ட காலத்திலும் ஜாவா படிக்கும் பிள்ளைகளுக்கு நான் எக்லிப்ஸையே கொடுக்கிறேன். இலவசம், திறமூலம், நிரலில் ஒரு வகுப்பின் (கிளாஸ்) பெயரை மாற்றினால் திட்டம் முழுவதும் சரியாக மாற்றித் தருவதில் அதன்மேல் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை. தொடக்கம் மெதுவானது என்பதை மறுக்கமாட்டேன்; 4 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் உலாவியை மூடிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

புதிய பதிப்புக்கு மாறுகிறவர்கள் தரவிறக்கிய தொகுப்பைப் பழைய கோப்புறையின் மேலேயே அவிழ்க்காதீர்கள். இரண்டு பதிப்பின் செருகுநிரல்களும் கலந்து எதுவும் ஓடாமல் போகும். தனிக் கோப்புறையில், வட்டின் வேருக்கு (மேல்மட்டத்துக்கு) அருகில், குறுகிய பெயரோடு அவிழ்த்துக்கொள்ளுங்கள்; விண்டோஸில் பாதை நீண்டால் சில கோப்புகள் அவிழாமலே விடுபடும். திறப்பதற்கு முன் பணியிடத்துக்கும் ஒரு நகல் எடுங்கள். புதிய பதிப்பு தொட்ட பணியிடத்தைப் பழையது மறுபடி சரியாகத் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.