பத்தா, பதினொன்றா? ஓர் அகலக்கோண லென்ஸ் பஞ்சாயத்து

ஒகேனக்கல் போய் வந்து படத்தைக் காட்டினேன். வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "அருவி எங்கே?" இரவல் வாங்கிய அகலக்கோண லென்ஸில் 10 மி.மீ. வைத்து எடுத்த படம் அது. (மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் அகலம் கூடும்.) பாறையும் வானமும் முக்கால் இடத்தைப் பிடித்துக்கொள்ள, காவிரி கொட்டும் இடம் சுவரில் வழிந்த சுண்ணாம்புக் கோடு போல ஓரத்தில் தெரிந்தது.

அதே லென்ஸ், அதே நாள், பரிசலுக்குள். பரிசல்காரரின் முழங்கால் இரண்டடியில். துடுப்பு, மூங்கில் பின்னல், வட்ட விளிம்பு, அதற்கு வெளியே இரண்டு பக்கப் பாறைச் சுவரும் ஒரே படத்தில். வழக்கமான 18-55 மி.மீ. லென்ஸை வைத்து அந்தப் படத்தை எடுக்க நான் தண்ணீரில் குதித்திருக்க வேண்டும். வட்டம் ஓரத்தில் முட்டை வடிவமாகிவிட்டதுதான், ஆனாலும் பார்ப்பவருக்குத் தானே பரிசலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தூரத்தில் இருப்பதை அடக்க இந்த லென்ஸ் வேண்டாம், பக்கத்தில் இருப்பதை நெருங்கத்தான் இது வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அருவிக்கு 18-55 போதும், தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் 55-250 இன்னும் நல்லது.

என்னிடம் இருப்பது கேனானின் கிராப் சென்சார் (படம் விழும் சில்லு முழு அளவைவிடச் சிறியது) கேமரா. அதில் 18 மி.மீ. என்பது மூலைக்கு மூலை சுமார் 74 பாகை, 10 மி.மீ. என்றால் 107. களத்தில் நின்றவை இரண்டு: 2014இல் வந்த கேனான் இ.எஃப்.-எஸ். 10-18 எஃப் 4.5-5.6, டோகினா நிறுவனத்தின் 11-16 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு. (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்.) மூன்றாவதாக, எதையும் வாங்காமல் பணத்தை மிச்சம் பிடிப்பது. வீட்டின் ஆதரவு இதற்கே. டோகினாவை பெங்களூரில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். கேனான் அதே இரவல்தான்.

கையில் வாங்கியதும் தெரிவது எடை. கேனான் 240 கிராம், டோகினா 550. கேனானின் பின்புற வளையம் பிளாஸ்டிக், டோகினாவுடையது உலோகம். டோகினாவில் ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் இழுத்தாலே ஆட்டோவும் மேனுவலும் மாறும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே வாங்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

முதல் சோதனை கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் கல்திட்டைகள். வெயில் காலை, வேண்டிய வெளிச்சம். எஃப் 8 வைத்து எடுத்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. பலகைக் கல்லின் ஓரம் வானத்தைத் தொடும் இடத்தில் மட்டும் டோகினாவில் மெல்லிய ஊதாக் கோடு. சூரியன் சட்டகத்தின் விளிம்புக்கு வந்ததும் அதில் ஒளிப்பொட்டுகளும் வரிசை கட்டின. கேனான் இந்த விஷயத்தில் சமர்த்து.

அடுத்தது அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஃபிளாஷ் கிடையாது, முக்காலியும் கொண்டுபோகவில்லை. டோகினாவின் எஃப் 2.8, கேனானின் எஃப் 4.5ஐ விட ஏறக்குறைய 2.6 மடங்கு ஒளியை உள்ளே விடும். காகிதத்தில் டோகினாவுக்கே வெற்றி. ஆனால் கேனானில் நடுக்கம் தாங்கும் வசதி (ஸ்டெபிலைசர்) இருக்கிறது, டோகினாவில் இல்லை. டோகினாவைக் கையில் பிடித்து 15இல் ஒரு பங்கு விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் எனக்குக் கலங்கியது. கேனானில் கால் விநாடி வரை கூர்மையாக வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒளி 2.6 மடங்கு குறைவு, ஆனால் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கல்லும் ஓவியமும் அசையாத வரை இருட்டில் ஜெயித்தது கேனான்தான்.

அங்கே இன்னொன்றும் கண்டேன். நின்றபடி கேமராவைச் சாய்த்து எடுத்தபோது ஓவியக் கட்டங்கள் ஒரு பக்கம் குறுகி, கூம்பிப் போயின. துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்து, கேமராவை விதானத்துக்கு நேர் கீழே, மட்டமாகப் பிடித்தேன். கட்டங்கள் கட்டங்களாகவே வந்தன. ஓரத்து உருவங்களும் இழுபடவில்லை. தட்டையான பரப்புக்கு இணையாக சென்சார் இருந்தால் எவ்வளவு அகல லென்ஸும் அளவைக் கெடுக்காது. லேசான வளைவு மட்டும் மிஞ்சும், அதை மென்பொருள் சரிசெய்துவிடும். ஓரத்தில் உருண்டையான தலை இருந்தால்தான் வம்பு.

அந்த வம்பு பாலக்கோட்டில் காத்திருந்தது. சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா, பத்துக்குப் பன்னிரண்டடி கூடம், முப்பது பேர். ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் உடன் இருந்தான். "அண்ணா, சுற்றுகிற ஆரத்தித் தட்டை உங்கள் ஸ்டெபிலைசர் நிறுத்துமா?" என்றான். நிறுத்தாது. நம் கை நடுக்கத்தைத்தான் அது தாங்கும். அத்தையின் கை வேகத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஷட்டரை 60இல் ஒரு பங்குக்கு ஏற்றியதும் டோகினாவுக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளியைக் கூட்டிக் காட்டும் எண், ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) 1600 போதுமாக இருந்தது; கேனானுக்கு 4000 தேவைப்பட்டது. என் பழைய கேமராவில் 4000 என்றால் பட்டுப்புடவைக் கரையில் ரவை தூவியது போல இருக்கும். இங்கே டோகினாவுக்குச் சந்தேகமில்லாத வெற்றி.

முகம் இழுபடுவதில் இரண்டும் ஒன்றுதான். ஓரத்தில் நின்ற அத்தையின் கன்னம் பூசணிக்காயானது; அந்தப் படம் இன்னும் அவர் கண்ணில் படவில்லை. குழுப் படத்துக்கு 18க்குப் போய்விட வேண்டும். டோகினா 16இலேயே நின்றுவிடும் என்பதால் மறுபடி லென்ஸ் மாற்ற ஓட வேண்டும்.

நட்சத்திரப் படப் பித்து உள்ளவர்கள் டோகினாவை விட மாட்டார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. 500ஐ லென்ஸின் 11 மி.மீ.ஆலும், கேனான் கிராப் சென்சாருக்கான 1.6ஆலும் வகுத்தால் 28 விநாடி. அதுவரை நட்சத்திரம் கோடாகாது என்பது கைக்கணக்கு. எஃப் 2.8 வைத்து 28 விநாடி என்பது கணிசமான ஒளி. ஆனால் கிருஷ்ணகிரியில் வடமேற்கே திரும்பினால் பெங்களூரின் வெளிச்சம் அடிவானத்தில் நிற்கும். வருடத்தில் எத்தனை இரவு நான் மலையேறப் போகிறேன்? போன வருடம் ஒன்று.

வாங்காமலே சமாளிப்பது? ராயக்கோட்டை மலை மேலிருந்து 18-55ஐ நெட்டுக்குப் பிடித்து ஆறு படம் எடுத்து ஒட்டினேன், அருமையாக வந்தது. தூண் மண்டபத்தில் அதே வித்தை பலிக்கவில்லை. பக்கத்துத் தூண் ஒரு படத்தில் ஓரிடம், அடுத்ததில் வேறிடம் என்று ஒட்டில் முறிந்தது. வெட்டவெளி மட்டும் எடுப்பவர்கள் தாராளமாகப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். போலரைசர் (வானத்தின் நீலத்தைக் கூட்டும் ஃபில்டர்) வாங்கும் எண்ணத்தையும் விடுங்கள், இவ்வளவு அகலத்தில் நீல வானத்தின் நடுவே கரும் பட்டை விழும். கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) ஆர் வரிசைக் கேமராவுக்கு மாறிவிட்டவர்களுக்கு 2023இல் வந்த ஆர்.எஃப்.-எஸ். 10-18 இருக்கிறது, 150 கிராம்தான்.

என் படங்களில் முக்கால்வாசி அசையாதவை. ஆகவே கேனான், அதுவும் பழையதாக. முதலில் பார்த்த கடையில் லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன்; கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. "படத்தில் தெரியாது சார்" என்றார் கடைக்காரர். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் தெரியும், பக்கத்து லென்ஸுக்கும் பரவும் என்று சொல்லி வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் கிடைத்தது சுத்தமாக இருந்தது.

டோகினாவை ஸ்டூடியோத் தம்பி வாங்கிக்கொண்டான். மழை விட்டதும் ஓரிரவுக்கு அதை இரவல் கேட்டிருக்கிறேன். வாடகை, மாம்பழ சீசனில் ஒரு கூடை செந்தூரா.